ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி

செப்டம்பர் 14

அன்புள்ள அனுவுக்கு,

உன் மாமா எழுதிக்கொண்டது. நான் உயிரோடும் உடம்போடும் இருக்கிறேன். நீயும் பிள்ளை ஜீவிதாவும் தம்பி வீரமணியும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் ராப்பகலாக மனசில் ஓடுகிறது.

வக்கீல் அம்மா தகவல் சொல்லியிருப்பார்கள். எல்லை தாண்டினோம் என்று எங்களைப் பிடித்ததில் மற்றவர்களை விட்டுவிட்டார்கள். படகை ஓட்டியவன் என்பதால் எனக்கு மட்டும் ஒரு வருஷம் போட்டிருக்கிறார்கள். அழாதே. ஜீவிதா எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதுக்குப் போய் நாலு பாடம் படிப்பதற்குள் வந்து நிற்பேன். இங்கே அடி உதை ஒன்றும் இல்லை. சோறு போடுகிறார்கள். குழம்பு என்று சொல்லி ஒன்றை ஊற்றுகிறார்களே, அதுதான் தண்டனை.

ஒரு நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் பேச விடுகிறார்கள். உன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன். வரிசையில் நின்று நம் முறை வரும்போது பேச வேண்டும். காலையிலும் வரும், உச்சிப் பொழுதிலும் வரும், சொல்ல முடியாது. நீ எடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மணி அடித்தால் பாதிப் பேச்சிலும் வைத்துவிட வேண்டும்.

நம் காலனி வீட்டுக்குள் டவர் எடுக்காது என்றுதானே போன வருஷம் வேதாரண்யத்தில் ஜாஃபர் சாதிக் கடையில் சொல்லி அந்த சிக்னல் பெட்டியை வாங்கி மாட்டினேன். அதைக் கண்ணாகப் பார்த்துக்கொள். ஆனால் அது வீட்டுக்குள் மட்டும்தான் எடுக்கும். காலையில் நீ கரையில் ஏலத்தில் நிற்பாயே, அங்கே டவர் வரும், போகும், அப்போது நான் கூப்பிட்டால் என்ன செய்வாய்? வீட்டுக்குள் தொங்குகிற சின்ன ஏரியலைக் கழற்றி, மாடியில் டவரைப் பிடிக்கிற பெரிய ஏரியலுக்குப் பக்கத்திலேயே கரையைப் பார்த்துக் கட்டச் சொல். கரை வரைக்கும் எடுக்கும். வீரமணிக்கு இந்த வேலையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அதனால் மற்றதை நேரில் சொல்கிறேன். உனக்கே தெரியும்.

உன் மனோகரன்


அக்டோபர் 3

என் மாமாவுக்கு,

அனுசுயா எழுதுவது. உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்களுக்குக் கால் வீங்குமே, அங்கே வெறும் தரையில் படுக்காதீர்கள். கீழே ஏதாவது விரித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்த அன்றே வீரமணி கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டான். "அண்ணன் அங்க இருந்துக்கிட்டே என்னைய வேலை வாங்குது பாருங்க அண்ணி" என்று சிரித்தான். இரண்டு ஏரியலையும் ஒரே குழாயில் கட்டி, ஒன்றை ரோட்டுப் பக்கம் டவரைப் பார்த்தும், இன்னொன்றைக் கரையைப் பார்த்தும் திருப்பி வைத்தான். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை வரை நடந்தேன். ஜீவிதா பின்னாலேயே "இருக்கு இருக்கு" என்று கத்திக்கொண்டு வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

போன ஞாயிறு கானாங்கெளுத்திக் கூடையை நடுவில் வைத்து நான் விலை கூவிக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். புது நம்பராக இருந்ததால் உயிரே நின்றுவிட்டது. உங்கள் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. அழுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அழவில்லை, அந்த நேரம் பார்த்து நாகப்பட்டினத்து வியாபாரி கூடையைக் குறைந்த விலைக்குத் தூக்கப் பார்த்தான். அவனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜீவிதாவுக்குத் தொண்டை கொஞ்சம் கரகரப்பு. வேறொன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கிறது.

உங்கள் அனுசுயா


அக்டோபர் 22

அன்புள்ள அனுவுக்கு,

கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ சொன்னபடி சாக்கு விரித்துத்தான் படுக்கிறேன்.

அன்றைக்கு நீ வியாபாரியைத் திட்டிய திட்டு எனக்கு முழுசாகக் கேட்டது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது. இங்கே இப்போது உனக்குப் பெரிய பெயர். "உன் சம்சாரம் இன்னைக்கு யாரையும் திட்டலையா" என்று ஞாயிறுதோறும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன் அனு, வாரம் முழுக்க அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டுகிறேன். இல்லாவிட்டால் எனக்குப் புத்தி பேதலித்துப் போயிருக்கும்.

இனிமேல் பேசும்போது மணி அடித்தாலும், கரண்ட் செலவு என்று உடனே பெட்டியை அணைத்துவிடாதே. முறை வந்தும் பேசாமல் விட்டுவிடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், பேச வீட்டில் ஆள் இல்லாதவர்கள். அவர்களிடம் கேட்டு வாங்கி இன்னொரு தடவை கூப்பிடப் பார்க்கிறேன்.

வீரமணியிடம் சொல். கரையில் நிற்கிற நம் சின்ன ஃபைபர் படகின் எஞ்சினை மழைக்கு முன்னால் மெக்கானிக்கிடம் காட்டட்டும். கடலில் இருக்கும்போது போன் எடுக்கிற தூரத்தைத் தாண்டிப் போக வேண்டாம். எஞ்சின் நின்றால் கரைக்கு ஒரு போன் போட்டால் போதும், யாராவது போய் இழுத்து வந்துவிடுவார்கள். நான் வந்ததும் முதல் வேலை அவனுக்கு ஒரு கால்கட்டுப் போடுவதுதான். நீ இப்போதே நாலு இடத்தில் பெண் இருக்கிறதா என்று சொல்லி வை.

உன் மனோகரன்


நவம்பர் 12

என் மாமாவுக்கு,

அனுசுயா எழுதுவது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ஜீவிதாவுக்குத்தான் இருமல் விடவில்லை, கஷாயம் கொடுக்கிறேன்.

ஒரு பிரச்சினை வந்திருக்கிறது, உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீபாவளி கழிந்து ஒரு நாள், ஜீப்பில் ஏரியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். தெருத்தெருவாகச் சுற்றி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஃபஹ்மிதா என்று டெலிபோன் இலாகாவில் ஒரு பெண் அதிகாரி, தஞ்சாவூர்க்காரர். மாடிக்கு ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து நம் வீட்டில் கீழேயே உட்கார்ந்து பேசினார்.

"அக்கா, கோயில் திருவிழால மைக்க ஸ்பீக்கருக்கு நேரா காட்டினா கீச்சுன்னு கத்துமில்ல? உங்க ரெண்டு ஏரியலும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதால பெட்டி அப்படித்தான் கத்துது. உங்க போனுக்கு நல்லாக் கேக்கும். டவருக்குக் காது அடைச்சிடும். கடல்ல தூரத்துல இருக்கறவங்க கூப்பிட்டா அதுக்குக் கேக்காது" என்றார்.

"கட்டை கட்டையா டவர் காட்டுதே மேடம்" என்றேன்.

"காட்டும். ஆனா கால் போகாது. அதுனாலதான் அனுமதி இல்லாத எந்தக் கருவியையும் டவரோட சேர்க்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. இது உங்க வீட்டு விஷயம் மட்டும் இல்லக்கா, எல்லாரும் ஒரே டவர்லதான் பேசறோம்."

நம் ஊர்க்காரர்களும் ரெண்டு மாதமாகக் கடலிலிருந்து போன் போகவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்கூட அவர்களோடு சேர்ந்து கம்பெனிக்காரனைத் திட்டினேன். பெட்டியை அவர் அன்றே எடுத்துப் போயிருக்க வேண்டும். நீங்கள் ஜெயிலில் இருப்பதைச் சொன்னேன். ஜீவிதா அழுதாள். அதைப் பார்த்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்து, "ஒரு வாரத்துல நீங்களே கழட்டி ஒப்படைச்சிடுங்க, அபராதம் இல்லாம பாத்துக்கறேன்" என்று நோட்டீசும் விலாசமும் கொடுத்துவிட்டுப் போனார்.

கழற்றிவிடத்தான் நினைத்தேன். வீரமணி விடவில்லை. "ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுக்குவோம் அண்ணி. அன்னைக்குப் படகு அதிகம் போகாது. அண்ணன் பேசி முடிச்சதும் அணைச்சிட்டா யாருக்கு என்ன?" என்கிறான். அதிகாரி ஆள் அனுப்பிக் கேட்டதற்கும் கழற்றிவிட்டதாகச் சொல்லிவிட்டான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் அனுசுயா


நவம்பர் 28

அன்புள்ள அனுவுக்கு,

எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். இப்போது தேவலை. பிள்ளையின் இருமலை விட்டுவைக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

என்னிடம் என்ன யோசனை கேட்கிறாய்? வீரமணி சொன்னதுதான் சரி. வாரத்தில் ஒரு நாள், அதிலும் கொஞ்ச நேரம். அதற்குள் கடல் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. அந்த அம்மா நல்லவராகவே இருக்கட்டும், அவர் வீட்டுக்காரர் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார் அல்லவா? ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே. நான் இங்கே இருக்கும்போது எவன் வந்து நம் வீட்டை எட்டிப் பார்த்தான்?

கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமையையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு இங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. அதனால்தான் கெஞ்சுகிறேன்.

உன் மனோகரன்


டிசம்பர் 20

மதிப்பிற்குரிய ஃபஹ்மிதா மேடம் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நான் வேதாரண்யம் பக்கம் மீனவர் காலனி அனுசுயா. நீங்கள் வந்து எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் கொடுத்த விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன். பெட்டியை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். நானே கொண்டுவந்து கொடுத்திருப்பேன். துக்க வீடு, இப்போது வெளியே கிளம்ப முடியாது.

அன்றைக்கு வீரமணி என்று ஒரு பையன் உங்களுக்கு ஏணி பிடித்தானே, என் கொழுந்தன், அவன் போய்விட்டான். நான் கல்யாணமாகி வந்தபோது அரை டவுசர் போட்டிருந்தவன். என் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

உங்கள் ஆளிடம் கழற்றிவிட்டோம் என்று சொன்னது பொய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வீட்டுக்காரர் பேசுவதற்காகப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஞாயிறு மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. வீரமணியும் அவன் கூட்டாளி செழியனும் படகை இறக்கினார்கள். போகும்போது அவனேதான் பெட்டியைப் போட்டான். "அண்ணன் பேசி முடிச்சதும் மறக்காம அணைச்சிடுங்க அண்ணி, நான் கடல்ல இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் வீட்டுக்காரர் மதியத்துக்கு மேல்தான் கூப்பிட்டார். பிள்ளையின் இருமலைப் பற்றிப் பேசினோம். மணி அடித்துவிட்டது. "அணைச்சிடாத அனு, மறுபடியும் கூப்பிடுறேன்" என்றார். லைன் போய்விட்டது. நான் அணைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. வாடைக்காற்று கிளம்பிக் கதவு அடித்துக்கொண்டபோதுதான் எனக்கு வீரமணி நினைவு வந்தது.

செழியனை மறுநாள் வேறு படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். காலிக் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். எஞ்சின் மதியமே நின்றுவிட்டதாம். அப்போது காற்று இல்லை. வீரமணி பாலித்தீன் பையிலிருந்து போனை எடுத்து எனக்கு அடித்திருக்கிறான். டவர் காட்டியிருக்கிறது, கால் போகவில்லை. நீங்கள் சொன்னது போலவே. செழியன் பயந்தானாம். வீரமணிதான் சிரித்துக்கொண்டே, "அண்ணன் பேசிக்கிட்டு இருக்காரு போல. பேசட்டும். முடிச்சதும் அண்ணி அணைச்சிடும், அப்புறம் அடிப்போம்" என்றானாம். அப்படியே படகில் படுத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். மறுபடி அடித்தான், மறுபடி அடித்தான். காற்று வந்த பிறகு அடிக்க நேரம் இல்லை.

கோடியக்கரைப் பக்கம் கிடைத்தான்.

மேடம், நீங்கள் அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் என்று சில நேரம் உங்கள்மீது கோபமாக வருகிறது. என் பிள்ளை அழுததைப் பார்த்துவிட்டுத்தானே விட்டுப் போனீர்கள். உங்களைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

ஒரே ஒரு உதவி. இது சம்பந்தமாக என் வீட்டுக்காரருக்கு எந்தத் தகவலும் போகக் கூடாது. ஜெயிலில் இருக்கிறவருக்குச் சாவுச் செய்தி சொல்ல வேண்டாம் என்று ஊரிலும் பேசி வைத்திருக்கிறோம். வந்து தூக்கவும் முடியாது, தலை முழுகவும் முடியாது, அங்கே சுவரில் முட்டிக்கொள்வார். அவர் கடைசியாகச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

இப்படிக்கு,
அனுசுயா


டிசம்பர் 29

என் மாமாவுக்கு,

அனுசுயா எழுதுவது. எல்லோரும் சுகம். உங்களுக்குக் காய்ச்சல் திரும்பவும் வராமல் இருக்க வேண்டும்.

பெட்டியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் வீட்டில் போன் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று கால் கடுக்க வேண்டாம். கடிதம் போடுங்கள், நானும் போடுகிறேன்.

வீரமணி கேரளாவுக்குப் போயிருக்கிறான். கொல்லம் பக்கம் போட்டில் வேலை. திடீரென்று ஆள் கேட்டார்கள், கிளம்பிவிட்டான். ஜீவிதா உங்களுக்கு எழுதவில்லை என்று வருத்தப்படாதீர்கள். பரீட்சை.

உங்கள் அனுசுயா


ஜனவரி 20

அனுவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பொங்கலுக்கு வெல்லச் சோறு போட்டார்கள்.

யாரைக் கேட்டுப் பெட்டியைக் கொடுத்தாய்? நான் அவ்வளவு சொல்லியும் அதைத் தூக்கிக் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது? நாலு ஞாயிறு அடித்துப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாய் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கடைசியாகப் பேசிய அன்றுகூட நன்றாகத்தானே பேசினாய்? அன்றைக்கு மறுபடி கூப்பிட முடியாமல் போனதற்குக் கோபமா? இரண்டாவது முறை வரிசையில் நின்றேன் அனு, கிடைக்கவில்லை.

வீரமணிமேல் எனக்கு அதைவிடக் கோபம். வீட்டில் ஆம்பளை இல்லாத நேரம் உன்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அவனுக்குக் கேரளா என்ன கேடு? என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லையா? அவன் விலாசத்தை அனுப்பு. காதைத் திருகுகிற மாதிரி ஒரு கடிதம் எழுதுகிறேன். எஞ்சினை மெக்கானிக்கிடம் காட்டினானா இல்லையா? அதையும் எழுது.

மனோகரன்


பிப்ரவரி 6

என் மாமாவுக்கு,

அனுசுயா எழுதுவது. கோபத்தோடு எழுதினாலும் நீங்கள் எழுதினீர்களே, அது போதும். நாங்கள் சௌக்கியம். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அந்தச் சந்தேகம் வேண்டாம்.

பெட்டி இருந்தவரை கடலிலிருந்து யாருக்கும் போன் வரவில்லை மாமா. இப்போது விட்டு விட்டாவது வருகிறது. படகு கரைக்கு வரும்போதே என்ன மீன், எத்தனை கூடை என்று சொல்லிவிடுகிறார்கள், பெண்கள் ஐஸ் உடைத்துத் தயாராக வைத்துவிடுகிறோம். ஒவ்வொருத்தி போனும் அடிக்கும்போது நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

எஞ்சினைக் காட்டவில்லை. காட்டுகிறேன் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வீரமணி கடிதம் எழுதுகிற ஆளா? விலாசம் சரியாகத் தெரியவில்லை. அவனைத் திட்டாதீர்கள். நம்மை விட்டுப் போக வேண்டும் என்று அவன் போகவில்லை.

மழை விட்டுவிட்டது. உப்பளத்தில் பாத்தி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

உங்கள் அனுசுயா


மார்ச் 30

என் மாமாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வக்கீல் அம்மாவிடம் கேட்டால் நன்றாக இருக்கிறார் என்கிறார்கள். என்மேல் கோபம் என்றால் இரண்டு வரி திட்டியாவது எழுதுங்கள்.

நம் தெரு துரைராசு படகும் பிடிபட்டுவிட்டது. அவரை நீங்கள் இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டு வந்திருக்கிறார்களா? அவரிடம் ரொம்பப் பேச்சுக் கொடுக்காதீர்கள். சின்னதைப் பெரிதாக்கிச் சொல்கிறவர், உங்களுக்கே தெரியும்.

அனுசுயா


ஏப்ரல் 24

அன்புள்ள அனுவுக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் கையில் இருக்கின்றன. பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

துரைராசு இங்கேதான் இருக்கிறான். வந்த அன்றே என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எதற்கு அழுகிறான் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு இதற்குள் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

அன்று சாயங்காலம் குழாயடியில் தலை முழுகினேன். துரைராசுதான் தண்ணீர் ஊற்றினான். காவல்காரர் தமிழ் ஆள், இன்னும் ரெண்டு வாளி ஊற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வேட்டி மாற்றிக்கொள்ள வேறு இல்லை. ஈரத்தோடு இருந்தேன்.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். உன் இடத்தில் நான் இருந்தாலும் கேரளாவுக்குத்தான் அனுப்பியிருப்பேன். அவனைக் காது திருகுவேன் என்று எழுதினேனே, அதைப் படித்தபோது நீ என்ன பாடு பட்டிருப்பாய். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் இப்போது நிற்பதில்லை. என் முறையைத் துரைராசுவுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வீரமணி நாம் பேசி முடிப்போம் என்று காத்திருந்தான் என்று துரைராசு சொன்னான். அன்றைக்கு மணி அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு நான் வாயைத் திறந்தேன், அதுவும் நினைவிருக்கிறது. என்ன சொன்னேன் என்பது மட்டும் பிடிபடவில்லை. அணைத்துவிடாதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் சொன்னேனா? மறுபடி வரிசையில் போய் நின்றேனே, உன்னிடம் சொல்லிவிட்டுத்தானே நின்றிருப்பேன்?

என் தம்பியை நான்தான் அங்கே காக்க வைத்தேனா அனு? படுத்தால் அதுதான் வருகிறது. நீ என்ன எழுதினாலும் நம்புவேன்.

உன் மனோகரன்


மே 12

என் மாமாவுக்கு,

உங்கள் அனுசுயா எழுதுவது. கடிதம் வந்து சில நாள் ஆகிவிட்டது. பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். நானும் ஜீவிதாவும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். துரைராசு அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் வீட்டில் எல்லோரும் சுகம், சின்னவள் நடக்கிறாள்.

வீரமணிக்கு எல்லாம் முறைப்படி செய்தோம் மாமா. ஊரே கூட நின்றது. கொள்ளி செழியன் வைத்தான். அவன் சட்டைகளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நீங்கள் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்திருக்கிறேன். இத்தனை நாள் உங்களிடம் அழ முடியாமல் போனது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. இப்போது எழுதும்போதுதான் அழுகிறேன்.

ஃபஹ்மிதா மேடம் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். அவர்தான் ஒன்று சொன்னார். நம் காலனியிலிருந்து ரோட்டுக்கு நடந்து போய் டவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதுமாம், எந்தப் பெட்டியும் இல்லாமல் நன்றாக எடுக்குமாம். போய்ப் பார்த்தேன். எடுக்கிறது. ஐஸ் கம்பெனி நிழல் இருக்கிறது, உட்காரக் கல் இருக்கிறது. அவ்வளவு தூரம்தான். நமக்கு மூன்று பேருக்கும் அது அப்போது தோன்றவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அங்கே போய் உட்கார்கிறேன். நீங்கள் வரிசையில் நிற்பதில்லை என்று தெரியாமல்தான் இத்தனை வாரமும் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் தெரிந்தும் உட்காருவேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அன்றைக்கு மணி அடித்ததும், "புள்ளைக்கு ராத்திரியும் இருமுதா" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அணைத்துவிடாதே என்று நீங்கள் சொல்லவில்லை. மறுபடி கூப்பிடுவதாகவும் சொல்லவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. பெட்டியை அணைக்க மறந்தவள் நான். இதை இனி நீங்கள் கேட்கக் கூடாது.

பிள்ளைக்கு இருமல் விட்டுவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள்.

உங்கள் அனுசுயா